ஐம்பத்தொரு வயது, ஆண், எழுபத்தெட்டு கிலோ

ஒரு வீட்டுக்கு ஒரு வாட்ச் போதும் என்று முடிவு செய்தது மனோகரன்தான். அவர் சைக்கிள் ஓட்டுகிறவர். அவர் மனைவி கலைவாணி ஓடுகிறவள். இரண்டுக்கும் ஒத்துவருகிற மாதிரி ஜிபிஎஸ் உள்ள ஒன்றை வாங்கிவிட்டால், புதனும் ஞாயிறும் அவர் கையில், மற்ற நாள் அவள் கையில் என்று பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒரே டிவியை இருபது வருஷமாகப் பங்கு போட்டுப் பார்த்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை என்பது அவர் கணக்கு. அந்த இருபது வருஷமும் ரிமோட் யார் கையில் இருந்தது என்று கலைவாணி கேட்கவில்லை.

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. மனோகரன் அந்தப் பக்கத்துக்காரர். ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஷாப் வேலை. கலைவாணி பூந்தமல்லியில் பிறந்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கான பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சர்க்கரை எல்லையைத் தொடுகிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நடந்து பார்த்தாள், அலுப்பாக இருந்தது, ஓட ஆரம்பித்துவிட்டாள். சுடிதாரோடு அயப்பாக்கம் ஹவுசிங் போர்டு தெருக்களில் அவள் ஓடிய முதல் வாரத்தில், எந்த பஸ்ஸைப் பிடிக்க இந்த ஓட்டம் என்று பால் பூத்துக்காரர் அக்கறையாக விசாரித்தார். இப்போது யாரும் கேட்பதில்லை.

வாட்ச் கேட்டதும் அவள்தான். அதுவரை போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். வேர்வையில் வழுக்கும் போன், கணக்கிலும் வழுக்கியது. ஒருநாள் அது அவளை ரயில்கள் நிறுத்தும் கார் ஷெட் சுவருக்குள் புகுத்தி, நிற்கிற ரயில்களின் மேலேயே ஓடவிட்டு, அந்தப் பக்கம் இறக்கியது. அளவுக்கருவி பொய் சொன்னால் அவளுக்குத் தாங்காது. வேலை அப்படி.

கீழ் வீட்டுப் பிரசன்னாவுக்கு ஐடியில் வேலை, சொந்த ஊர் ஈரோடு. அவன் மனோகரனோடு ஒரே சைக்கிள் கிளப்பில் இருந்தான். எதை வாங்குவதென்றாலும் பெண் பார்ப்பதைப் போல விசாரிக்கிறவன். உயரம் காட்டுமா, வரைபடம் உண்டா, பேட்டரி எத்தனை நாள் நிற்கும், செயற்கைக்கோளோடு ஓர் அலைவரிசையில் பேசுமா இரண்டிலா என்று ஒரு வாரம் பாடம் நடத்தினான். மனோகரனுக்கு வேண்டியது மூன்றே மூன்று. கண்ணாடி போடாமல் எழுத்து தெரிய வேண்டும், ஹேண்டில்பாரில் மாட்ட வசதி வேண்டும், மேடு ஏறினால் எவ்வளவு ஏறினோம் என்று சொல்ல வேண்டும். மேற்குப் புறநகரில் மேடு என்று இருப்பது மேம்பாலங்கள் மட்டும்தான். ஆனாலும் ஆசை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

கலைவாணி பாடத்தைக் கேட்டுவிட்டு, கிளப்காரர்களிடமிருந்து மூன்று வாட்சுகளை இரவல் வாங்கித் தரச் சொன்னாள். ஒவ்வொன்றையும் கட்டிக்கொண்டு ஒரே பாதையில், கார் ஷெட் சுவர் ஓரமாக, மரம் அடர்ந்த தெரு வழியாக, மும்மூன்று தடவை ஓடினாள். கம்பெனியில் ஒரு கருவியை நம்புவதற்கு முன் அப்படித்தான் செய்வார்கள். எவ்வளவு காட்டுகிறது என்பது இரண்டாம்பட்சம், மூன்று தடவையும் ஒன்றையே காட்டுகிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் அப்படிக் காட்டியது. பளபளப்பில்லாத கறுப்பு வாட்ச், தொடுதிரை இல்லை, பக்கவாட்டில் ஐந்து பட்டன். வேர்வைக் கையால் தொடுதிரையைத் தேய்த்து அலுத்திருந்தவளுக்கு அதுவும் பிடித்துப்போனது. எழுத்து பெரிதாக இருந்ததால் மனோகரனும் தலையாட்டினார்.

அம்பத்தூர் கடையில் வாங்கி, பிரித்து, ஆப்பில் பதிவு செய்யப் பிரசன்னா உட்கார்ந்தான். யார் பேரில் போடுவது என்று கேட்டான். கேஸ் யார் பேரில், கரண்ட் யார் பேரில், வீடு யார் பேரில் என்றெல்லாம் யாரும் அந்த வீட்டில் யோசித்ததில்லை. இதற்கும் யோசிக்கவில்லை.

"அவர் பேர்லயே போடுப்பா" என்று சொன்னது கலைவாணிதான்.

பிரசன்னா போட்டான். மனோகரன், ஐம்பத்தொரு வயது, ஆண், எழுபத்தெட்டு கிலோ.

வாட்சுக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது. கட்டிய கை யாருடையது என்று அதற்குக் கவலையுமில்லை. காலையில் கலைவாணி வேகமெடுக்கும்போதெல்லாம் இதயத் துடிப்பு அதிகம், மெதுவாகப் போங்கள் என்று கீச்சிட்டது. ஐம்பத்தொரு வயது ஆணுக்கு அது சரியான அறிவுரை. அவளும் நம்பித் தன்னை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இழுத்துப் பிடித்தும் மாதத்துக்கு மாதம் நேரம் குறைந்தது. மனோகரனின் உடல் வயது முப்பதுக்குள் வந்துவிட்டதாக ஆப் பாராட்டுப் பத்திரம் வாசித்தது. கணவனும் மனைவியும் அதைப் பார்த்துச் சேர்ந்து சிரித்தார்கள்.

சிரிக்காத ஒருவர் பால்ராஜ். துணை ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஆவடியிலேயே தங்கிவிட்டவர், கிளப்பை நடத்துகிறவர். கிளப்பில் எல்லாருடைய ஓட்டமும் சவாரியும் ஆப் வழியாகக் குழுவுக்குத் தானாக வந்து விழும். அவர் தினமும் ஒன்று விடாமல் படிப்பார். ஞாயிறுதோறும் சைக்கிளில் கடைசிக்கு முன்னாலோ பின்னாலோ வருகிற மனோகரன், வார நாட்களில் இப்படிப் பறக்கிறாரே என்று அவருக்கு ஆச்சரியம். கரையான்சாவடி டீக்கடையில் வைத்து ரகசியம் என்ன என்று கேட்டார். மனோகரன் சிரித்துவைத்தார். முதல் தடவை அது கூச்சச் சிரிப்பு. ஐந்தாவது தடவைக்குள் அது வேறு சிரிப்பாகிவிட்டது. தொழிற்சாலையில் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். யாராவது தன்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனோகரன் கையில் ஒரு மஞ்சள் பனியனோடு வீட்டுக்கு வந்தார். புறநகர்க் கிளப்புகளுக்கு இடையே பத்து கிலோமீட்டர் ஓட்டப் போட்டி. ஒவ்வொரு கிளப்பிலிருந்தும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர், ஆணோ பெண்ணோ. பால்ராஜ் ஆறு மாதப் பதிவுகளைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டார். பனியனின் முதுகில் மனோகரன் என்று அச்சடித்திருந்தது.

கலைவாணி பனியனைப் பிரித்துப் பார்த்தாள். திரும்ப மடித்தாள்.

"சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னாத்த?"

"ஓடுனது நான்னு."

மனோகரன் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது, தொண்டை வரைக்கும் வந்தது, அதற்குள் கைதட்டிவிட்டார்கள் என்றார். இன்னும் நாலு வாரம் இருக்கிறது, தான் ஓடிப் பழகிக்கொள்வதாகவும் சொன்னார். அவர் குரலில் குற்ற உணர்ச்சி இருந்தது. அதைவிடப் பனியன்மேல் ஆசை அதிகமாக இருந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. சின்னக் கோபமில்லை. குக்கர் விசிலடித்ததுகூடக் காதில் விழாத கோபம். ஆறு மாதம் இருட்டில் எழுந்து, நாய்க்குப் பயந்து கையில் குச்சியோடு, மழை விட்ட மறுநிமிஷம் சேற்றை மிதித்து ஓடியதெல்லாம் ஒரு மஞ்சள் பனியனாகி இன்னொருவர் முதுகில் ஏறிக்கொண்டது. போட்டி என்று ஒன்று வரும் என்றோ, அதில் ஓட வேண்டும் என்றோ அவள் அதுவரை நினைத்ததில்லை. அந்த இடம் தனக்கு வந்திருக்க வேண்டியது என்று தெரிந்த நிமிஷத்தில், அவளுக்கு அதைப்போல வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. தன் வாயாலேயே அவர் பேரைச் சொன்னோமே என்று நினைத்தபோது கோபம் இன்னும் ஏறியது. ஆனாலும் புருஷனை அத்தனை பேர் முன்னால் பொய்யன் ஆக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் கழற்றிப்போட்டிருந்த வாட்சை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். மறுநாளிலிருந்து வெறுங்கையோடு ஓடப் போனாள்.

வாட்ச் இப்போது மனோகரன் கையில். அவரும் ஓடினார். எதிர்ப்பக்கம், திருமுல்லைவாயில் ரோட்டில், அவள் கண்ணில் படாமல். வாட்ச் முதல் நாள் திகைத்தது, இரண்டாம் நாள் பதறியது, நான்காம் நாள் உங்கள் உடல்நிலையில் கவலைக்குரிய மாற்றம் தெரிகிறது, மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதியே காட்டிவிட்டது. ஒரு வாரத்தில் அவருடைய உடல் வயது முப்பதிலிருந்து அறுபத்து மூன்றுக்குப் போனது. எல்லாம் வழக்கம்போலக் குழுவுக்கும் போய் விழுந்தது.

சனிக்கிழமை காலை கலைவாணி ஓட்டம் முடித்துப் படியேறி வந்தபோது, வாசலில் இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே பால்ராஜும் பிரசன்னாவும் நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்குரிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். டீப்பாயில் ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். எதிர் நாற்காலியில் மனோகரன், முழங்காலில் ஐஸ் கட்டிய துண்டோடு. இதயத்தில் ஏதாவது இருந்தால் மறைக்கக் கூடாது என்று பால்ராஜ் அவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தன்னோடு பணியாற்றிய ஒருவர் இப்படித்தான் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மனோகரன் ஆப்பிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேர்வை சொட்ட நின்றவளைப் பார்த்துப் பால்ராஜ் மரியாதையாக எழுந்தார்.

"வாக்கிங் போயிட்டு வர்றீங்களாம்மா? நல்ல பழக்கம். சார் மாதிரி ஓட முடியலேன்னாலும், நடந்தா போதும்."

கலைவாணி கணவரைப் பார்த்தாள். இப்போது அவர் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் துண்டை முழங்காலில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினார். அவ்வளவுதான். இத்தனை நாள் பொத்திவைத்த மனம் அந்த இடத்தில் விட்டுப்போயிற்று.

"ஓடிட்டு வரேன் சார்" என்றாள். "ஆறு மாசமா நீங்க பாத்துகினு கீறது நான் ஓடுனது. அவர் ஓடுனது போன வாரம் பாத்தீங்களே, அது."

பிரசன்னா மேலே சுற்றிய மின்விசிறியை ஆராய ஆரம்பித்தான். பால்ராஜ் உட்கார்ந்தார். அவர் யாரையும் திட்டவில்லை. போனை எடுத்து, பழைய பதிவுகளை விரலால் தள்ளித் தள்ளிப் போனார்.

"அந்தப் புயல் மழை விட்ட அன்னைக்கு, ஊரே வீட்டுல இருந்துச்சு. பன்னெண்டு கிலோமீட்டர்."

"நான்தான் சார்."

"பொங்கல் அன்னிக்குக் காலைல?"

"நான்தான். வந்துதான் பொங்கல் வெச்சேன்."

பால்ராஜ் மனோகரனைப் பார்த்தார். மனோகரன், ஆமா சார் என்றார். அதைச் சொன்னபிறகு அவர் முகத்தில் தெரிந்தது வெட்கமா நிம்மதியா என்று கலைவாணிக்குப் பிடிபடவில்லை, அதை ஆராய அவளுக்கு அப்போது பொறுமையும் இல்லை.

பெயரை மாற்றலாம், திங்கள் வரைக்கும் அவகாசம் இருக்கிறது என்றார் பால்ராஜ். ஆனால் போட்டி நடத்துகிறவர்கள் ஓடுகிறவரின் சொந்தக் கணக்கில் ஒரு பத்து கிலோமீட்டராவது பதிவாகியிருக்க வேண்டும் என்று கேட்பார்கள், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். "உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். அதனால்தான் அது அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

பிரசன்னா அப்போதே வாட்சை அவள் போனோடு இணைத்தான். பழைய ஓட்டங்கள் எல்லாம் மனோகரன் கணக்கிலேயே இருக்கும், ஒவ்வொன்றாக இறக்கி இந்தப் பக்கம் ஏற்றலாம், ரெண்டு நாள் உட்கார்ந்தால் செய்துவிடலாம் என்றான். ஆனால் அந்தத் தேதிகளில் ஓடியது யார் என்று யாராவது கேட்டால் சிக்கல் என்றும் இழுத்தான்.

"வேணாம்பா" என்றாள். "அதுக்குள்ள நான் ஓடிடுவேன்."

வயது கேட்டான். நாற்பத்திரண்டு என்றாள். எடை கேட்டான். ஐம்பத்தாறு. ஆணா பெண்ணா என்று ஆப் கேட்டதை அவன் வாய்விட்டுப் படிக்கவில்லை, தானே தட்டிவிட்டான்.

காலையில் ஒரு ஓட்டம் ஓடிய கால்தான். இருந்தாலும் ஞாயிறு வரை பொறுக்க அவளுக்கு மனமில்லை. அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பருத்திப்பட்டு ஏரிக்குப் போனாள். பால்ராஜ் ஏரி வாசலில் விசிலோடு நின்றார். மனோகரன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக நின்றார்.

முதல் சுற்றில் அவளுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்ன என்று இரண்டாம் சுற்றில்தான் புரிந்தது. வாட்ச் கீச்சிடவில்லை. மெதுவாகப் போங்கள் என்று சொல்ல அதற்குள் இப்போது ஐம்பத்தொரு வயது ஆண் யாரும் இல்லை. ஆறு மாதமாக அவர் வயதுக்காகத் தான் தயங்கித் தயங்கி ஓடியிருக்கிறோம் என்று தெரிந்ததும், அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் காலில் இறக்கினாள். ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஐம்பத்தைந்து நிமிஷத்தில் முடித்தாள். வாட்ச் ஒரு தடவை அதிர்ந்து, வாழ்த்துகள் கலைவாணி, இது உங்கள் முதல் ஓட்டம் என்றது. அவள் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கண்ணில் வழிந்தது முழுவதும் வேர்வை இல்லை. பால்ராஜ் அங்கேயே நின்று பெயரை அனுப்பிவிட்டார். மனோகரன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினார். நல்லா ஓடினே என்றார்.

மறுநாள் ஞாயிறு. பால்ராஜுக்குப் போட்டிக்காரர்களோடு கூட்டம் இருந்ததால் கிளப் சவாரி இல்லை. மனோகரன் தனியாகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஞாயிறு அவர் முறை. பழக்கதோஷத்தில் கை ஃபிரிட்ஜ் மேல் போய் வாட்சை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டது. அவள் எழுந்துகொள்ளவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கால் வலி சாக்கில் படுத்திருந்தாள்.

அவருக்கு மனது சரியில்லை. சரியில்லாத மனது மிதியில் இறங்கியது. பூந்தமல்லி ரோட்டில் கரையான்சாவடி வரை நிற்காமல் மிதித்து, டீக்கூடக் குடிக்காமல் திரும்பி, ஆவடி மேம்பாலத்தில் எழுந்து நின்று ஏறினார். அந்த மேம்பாலத்தில் கிளப்பின் வேகப் பட்டியலில் மூன்று வருஷமாக முதலிடம் லோகேஷ் என்கிற இளவட்டத்துக்கு. மனோகரன் உச்சிக்குப் போய்க் கீழே பார்த்தபோது வாட்சில் ஒரு சின்னக் கிரீடம் மின்னியது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். வீடு வரும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வந்து போனை எடுத்தவர் அப்படியே நின்றார். கலைவாணி அடுப்படியில் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். இன்னாங்க என்று கேட்டாள்.

அவர் போனைக் காட்டினார். குழுவில் வரிசையாகக் கைதட்டல். ஆவடி மேம்பாலம், புதிய முதலிடம், கலைவாணி. அக்கா சைக்கிளிலும் இப்படியா என்று பிரசன்னா கேட்டிருந்தான். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு வீராங்கனையைப் பார்த்ததில்லை என்று கூட்டத்தில் இருந்தபடியே பால்ராஜ் எழுதியிருந்தார். லோகேஷ் வணக்கம் போட்டிருந்தான்.

"நான் ஓட்னதும்மா இது" என்றார் மனோகரன். குரல் லேசாக உடைந்திருந்தது. "இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் அந்தப் பையனை முந்திகினு வந்தேன்."

"தெரியும்" என்றாள். "நான் படுத்துகினு இருந்தேன்."

அவர் அதற்குமேல் நிற்கவில்லை. நேற்று அவர் சொல்லாமல் விழுங்கியது, ஆறு மாதமாகக் கரையான்சாவடி டீக்கடையில் சிரித்து மழுப்பியது, எதுவும் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. பால்ராஜைக் கூப்பிட்டார். கூட்டத்தில் இருந்தவர் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் தடவை எடுத்ததும், சார் அது அவ இல்ல சார், நான், வாட்ச் மாறிப்போச்சு, குழுவுல ஒரு வார்த்தை போட்டுடுங்க சார், இப்பவே போட்டுடுங்க என்று மூச்சுவிடாமல் சொன்னார். இடுப்புத் துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இல்ல சார், நெஜமா நான்தான் சார் என்று இரண்டு தடவை சத்தியம் செய்தார்.

கலைவாணி டீ டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"நான் ஆறு மாசம் சும்மா இருந்தேன்" என்றாள்.

மனோகரன் போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமல் டம்ளரை எடுத்தவர், சுட்டதும் வைத்துவிட்டார். டீ இன்னும் ஆறவில்லை.